மூடிய பெட்டி பிரமாணம் ஆகாது

சில வருஷங்களாக நம் வீடுகளில் ஒரு சிறு யந்திரம் புதிதாகக் குடியேறியிருக்கிறது. மேஜையின் மீதோ அலமாரியின் ஓரத்திலோ அமர்ந்துகொண்டு, அறையின் காற்றில் நுண்ணிய தூசு எவ்வளவு மிதக்கிறது, கரியமில வாயு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை எண்ணாலும் நிறத்தாலும் அறிவிக்கும் காற்றுமானியே அது. கடைக்காரர்கள் ஏர் குவாலிட்டி மானிட்டர் என்கிறார்கள். பெருநகரப் புகைக்கு அஞ்சியவர்கள் வாங்கிய அந்தக் கருவி இப்போது சேர்வராயன் மலைமீதும் ஏறிவிட்டது. ஏற்காட்டின் எஸ்டேட் பங்களாக்களிலும், இளைப்பு நோயால் வருந்தும் குழந்தைகளும் முதியவர்களும் உள்ள இல்லங்களிலும் அதைக் காணலாம். அது ஓடுகிற வரையில் விவாதத்துக்கு இடமில்லை. அது பழுதுபடும் நாளில்தான், படித்தவர் பாமரர் என்ற பேதமின்றி எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லக் கேட்கிறோம்: "அதைத் திறக்காதீர்கள், திறந்தால் அளவு கெட்டுப்போகும், எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள்."

இந்த அபிப்பிராயம் பிழையானது என்பதும், அதிலும் மலைப்பிரதேசத்தில் அது இரட்டிப்புப் பிழை என்பதும் என் கட்சி. எதிர்க்கட்சியினரின் வாதங்களை அவர்கள் சொல்லும் வலிமையோடேயே எடுத்துக்கொள்வது நியாயம். சுத்தமான காற்றுள்ள மலையில் இக்கருவியே அநாவசியம், ஆகையால் அதைப் பழுதுபார்ப்பதும் வீண் என்பது முதல் வாதம். தொழிற்சாலையில் செய்த அளவுத்திருத்தம் பெட்டியைத் திறந்ததும் அழிந்துபோகும் என்பது இரண்டாவது. உள்ளே லேசரும் மின்கலமும் இருப்பதால் அபாயம் என்பது மூன்றாவது. பழுதுபார்க்கும் செலவைவிடப் புதிது வாங்கும் செலவு குறைவு, அதற்குத் தெரிந்த ஆளும் இல்லை என்பது நான்காவது. நான்கையும் வரிசையாகப் பரிசீலிப்போம்.

முதல் வாதத்துக்கு ஆதாரம் மலையின் கீர்த்தியே தவிர, மலையின் காற்று அன்று. ஏற்காடு கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் உள்ள சிகரம் 1,600 மீட்டரையும் தாண்டுகிறது. லேடீஸ் சீட்டில் நின்று கீழே நோக்கினால் சேலம் நகரம் முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கிறது. இரவில் குளிர்ந்து அடர்த்தியான காற்று சமவெளியின் புகையைத் தாழ்வாகவே அழுத்தி வைத்திருக்கும். வெயில் ஏற ஏற, சூடேறிய மலைச்சரிவுகளைப் பற்றிக்கொண்டு அதே காற்று மேல்நோக்கி எழும். காலையில் நகரத்தின்மேல் படிந்திருந்த மங்கல் பிற்பகலில் மலைமுகட்டை எட்டுவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மாசி, பங்குனி மாதங்களில் காய்ந்த புற்காடுகளில் பற்றும் தீயும், கோடை விழாக்காலத்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் முனகிக்கொண்டு ஏறும் வாகன வரிசையும் இதனுடன் சேர்கின்றன.

இவை யாவும் வெளியே உள்ளவை. வீட்டுக்குள் இருப்பதோ இதனினும் கொடியது. குளிர்ப்பிரதேசத்தில் குளிப்பதற்கு வெந்நீர் வேண்டும். அதற்கு அடுப்பு வேண்டும். காப்பித் தோட்டத்தில் கழித்த கிளைகளும் சவுக்குமரக் கொம்புகளும் விறகாகக் கிடைக்கும்போது அதை எரிப்பது இயல்பே. பழைய பங்களாக்களில் கணப்பு உண்டு. மலைக்கிராமங்களில் விறகடுப்பு உண்டு. மார்கழிக் குளிருக்கு அஞ்சி ஜன்னல்கள் எல்லா வீடுகளிலும் அடைபட்டிருக்கும். விறகுப் புகையை அளந்து பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையில் தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் நடத்தப்பட்டு 2002-ல் வெளியான ஆராய்ச்சி, சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் துகள்களின் அளவு வீட்டின் அமைப்பையும் எரிபொருளையும் ஒட்டி எவ்வளவு பயங்கரமாக ஏறுகிறது என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டிற்று. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த நெறிப்படி, ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம். 2.5 என்னும் நுண்துகள் ஒரு நாளைச் சராசரியில் 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தல் ஆகாது. நம் நாட்டில் 2009-ல் அறிவிக்கப்பட்ட தரமோ 60 வரை அனுமதிக்கிறது. மூடிய அறையில் விறகு எரியும்போது இவ்விரண்டு எல்லைகளும் சில நிமிஷங்களில் மீறப்படும். நகரத்தில் அரசாங்கம் நிறுவும் அளவை நிலையம் எவ்வளவு சிறந்ததாயினும் ஒரு மலைவீட்டின் அடுக்களையில் நடப்பதை அது சொல்லாது. ஆகவே அந்த வீட்டுக்குள்ளேயே ஓர் அளவுகருவி அவசியம். அவசியமான கருவியைச் செம்மையாக வைத்திருப்பதும் அவசியம்.

இரண்டாவது வாதமே எதிர்க்கட்சியின் கோட்டை. அதற்குப் பதில் சொல்லுமுன் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை வாசகர் அறிய வேண்டும். திறந்து பார்த்தவர்கள் சிலரே என்பதால்தான் இந்தப் பிரமை இவ்வளவு காலம் நீடித்திருக்கிறது. அடிப்புறத்து ரப்பர்க் கால்களுக்கோ ஒட்டுக் காகிதத்துக்கோ கீழே ஒளிந்திருக்கும் சிறு திருகாணிகளைக் கழற்றினால், ஒரு மின்பலகையும், ஒரு திரையும், பெரும்பாலும் ஒரு லித்தியம் மின்கலமும், தீப்பெட்டி அளவேயுள்ள ஓர் உலோகக் கூடும் தென்படும். அந்தக் கூடுதான் துகள் சென்சார். அதன் ஒரு பக்கத்தில் உள்ள சின்னஞ்சிறு ஃபேன் அறைக்காற்றை இழுக்கிறது. அந்தக் காற்றின் குறுக்கே ஒரு லேசர்க் கதிர் பாய்கிறது. தூசு ஒவ்வொன்றும் கதிரைக் கடக்கும்போது சிதறும் ஒளியைப் பக்கவாட்டில் காத்திருக்கும் ஒளியுணரி பிடித்து, துடிப்புகளை எண்ணிக் கணக்கிடுகிறது. கரியமில வாயுவுக்கு வேறொரு சிறு கூடு. அது அகச்சிவப்பு ஒளியில் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்பதைப் பார்த்து விடை சொல்கிறது. வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் அரிசியினும் சிறிய சில்லு ஒன்று. பெட்டிக்குள் உள்ள ரகசியம் இவ்வளவே.

இப்போது ஆட்சேபத்துக்கு வருவோம். அளவுத்திருத்தம் வெளிப்பெட்டியில் இல்லை. அது சென்சார்க் கூட்டின் உள்ளே, தொழிற்சாலையில் பதித்த எண்களாக இருக்கிறது. பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுவதால் அந்த எண்கள் மாறுவதில்லை. அந்த எண்களைப் பொய்யாக்குவது எது? இழுத்த காற்றோடு வந்து தங்கிய தூசு. ஒளியுணரியின் மேல் படலம் படிந்தால் கருவி குறைத்துச் சொல்லும். ஒளிப்பாதையில் ஒரு நூலாம்படை தொங்கினாலோ அது நிரந்தரத் துகளாகி எண் உயரத்திலேயே நின்றுவிடும். ஃபேனின் அச்சு இறுகி வேகம் குறைந்தால் எவ்வளவு காற்றை எண்ணினோம் என்பதே கருவிக்குத் தெரியாமல் போகும். ஆக, திறக்கப்படாத பெட்டிக்குள்ளேதான் அளவு நாள்தோறும் கெட்டுக்கொண்டிருக்கிறது. செய்தவர்களும் இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சென்சிரியான் நிறுவனத்தின் எஸ்.பி.எஸ். 30 என்னும் சென்சார், வாரத்துக்கு ஒரு முறை தன் ஃபேனைப் பத்து விநாடி முழு வேகத்தில் சுழற்றி உள்ளிருக்கும் தூசைத் தானே ஊதித் தள்ளும்படி அமைக்கப்பட்டது. தூசு சேராது என்றால் இந்த ஏற்பாடு எதற்கு? மலிவான கருவிகளில் மிகுதியும் காணப்படும் நோவா எஸ்.டி.எஸ். 011-ன் லேசருக்குச் செய்தவர்களே விதித்த ஆயுள் 8,000 மணி நேரம். இடைவிடாமல் ஓடினால் அது ஒரு வருஷத்துக்கும் குறைவு. ஆயுள் முடிந்த லேசரைப் பத்திரமாக மூடி வைத்துக்கொண்டு, அது காட்டும் எண்ணை நம்புவது எந்த விதத்தில் துல்லியத்தைக் காப்பதாகும்?

கடைத்தெருவில் வியாபாரியின் தராசுக்கு அதிகாரி முத்திரை வைக்கிறார். ஆனால் அந்த முத்திரைக்கும் காலவரை உண்டு, குறித்த தவணையில் தராசை மறுபடி சோதித்தே தீர வேண்டும் என்பது சட்டம். சட்டமே முத்திரையை அவ்வளவுதான் நம்புகிறது. நம் வீட்டுக் காற்றுமானிக்கு மட்டும் ஒரு நாள் தொழிற்சாலையில் கிடைத்த திருத்தம் ஆயுள் பரியந்தம் செல்லுபடியாகும் என்று கருதுவதற்கு நியாயமே இல்லை. அரசாங்க நிலையங்களில் ஆதாரமாகக் கொள்ளப்படும் பீட்டாக் கதிர் யந்திரங்களைப் பாருங்கள்: துகள் படியும் காகித நாடாவை ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறார்கள், காற்று நுழையும் தலைப்பகுதியைக் கழற்றிக் கழுவுகிறார்கள், காற்றோட்டத்தின் வேகத்தைத் தனிக்கருவி வைத்துச் சரிபார்க்கிறார்கள். யந்திரம் எவ்வளவு மதிப்புள்ளதோ அவ்வளவுக்கு அது அடிக்கடி திறக்கப்படுகிறது. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வீட்டு வாசல்களில் தொங்கும் பர்ப்பிள் ஏர் என்னும் கருவியின் வெளிப்புற மாதிரிக்குள் ஒன்றுக்கு இரண்டாக லேசர்ச் சென்சார்களை வைத்திருக்கிறார்கள். ஒன்றின் எண்ணை மற்றொன்று சந்தேகிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். விஞ்ஞானத்தின் சுபாவம் இந்தச் சந்தேகந்தான்.

மலைமீது இந்த வாதம் இன்னும் பலவீனப்படுகிறது என்று மேலே சொன்னேன். காரணங்களைக் காட்டுகிறேன். ஏற்காட்டின் மூடுபனியை அறியாதவர் இல்லை. ஐப்பசியிலிருந்து தை வரையில் அது ஜன்னல் வழியே கூடத்துக்குள்ளேயே வந்துவிடும். லேசர்க் கதிருக்குத் தூசும் ஒன்றே, பனித்திவலையும் ஒன்றே. இரண்டும் ஒளியைச் சிதறடிக்கின்றன. ஈரம் மிகுந்த காற்றில் உப்புத் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்துத் தம் உருவத்தைப் பெரிதாகக் காட்டும். அரசாங்க யந்திரங்களில் உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைக்கும் உபாயம் உண்டு. நம் மேஜைக் கருவியில் அது இல்லை. ஆகையால்தான் பர்ப்பிள் ஏர் எண்களை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் பயன்படுத்த முற்பட்டபோது, ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஒரு திருத்தச் சூத்திரத்தை வகுத்தது. பனி கவிந்த காலையில் கருவி சிவப்பைக் காட்டினால், அது புகையா பனியா என்று தீர்மானிப்பதற்கு உள்ளே இருப்பது எந்தச் சென்சார், எந்த வகையில் எண்ணுவது என்று தெரிந்தாக வேண்டும். அதே ஈரம் இணைப்பு முனைகளில் பச்சை பூக்கச் செய்து, சென்சாரின் பேச்சு மின்பலகைக்கு எட்டாமலும் செய்யும். சாகாத கருவியைச் செத்ததாக நினைத்து எறிவது பெரும்பாலும் இந்தச் சிறு களிம்பினால்தான்.

இரண்டாவது காரணம் உயரம். கரியமில வாயுவின் சென்சார் தன் ஒளிப்பாதையில் எத்தனை மூலக்கூறுகள் குறுக்கிட்டன என்பதையே உணர்கிறது. ஏற்காட்டில் காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு. ஆகவே காற்றில் அந்த வாயுவின் விகிதம் மாறாவிட்டாலும் பாதையில் மூலக்கூறுகள் குறைவு. உலகமெங்கும் திறந்தவெளியில் பத்து லட்சத்துக்கு 420-க்குச் சற்று மேலாக உள்ள அந்த வாயுவை, உயரத்தைக் கணக்கில் கொள்ளாத சென்சார் இங்கே 350 என்று குறைத்துச் சொல்லும். சில சென்சார்களுக்கு இடத்தின் உயரத்தை ஊட்டித் திருத்த முடியும், சிலவற்றுக்கு முடியாது, உள்ளே எது இருக்கிறது என்பதைப் பெரும்பாலான பெட்டிகளின் வெளிப்புறம் சொல்வதில்லை. இன்னும் ஒன்று: பல கருவிகள் ஒரு வாரத்தில் கண்ட மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்று என்று கருதித் தம்மைத் தாமே திருத்திக்கொள்கின்றன. மார்கழி முழுவதும் ஜன்னல் திறவாத வீட்டில் அந்தக் கருதுகோள் பொய்த்து, மூச்சுமுட்டும் அறையையும் நல்ல அறை என்று அது சான்று கொடுக்கும். சமவெளியில் செய்த திருத்தம் மலைக்கு வந்த அன்றே செல்லாததாகிவிட்ட பிறகு, அதைக் காப்பாற்றுவதற்காகப் பெட்டியைத் திறக்காதே என்பது இல்லாத சொத்துக்குக் காவல் வைப்பதாகும்.

மூன்றாவது வாதத்தில் உண்மையின் ஓர் அம்சம் உண்டு. அதை மறைக்க மாட்டேன். லேசர் கண்ணுக்குத் தீங்கு. கூடு மூடியிருக்கும் வரையில்தான் அது சாது. ஆகவே மின்சாரம் ஓடும்போது கூட்டைத் திறந்து எட்டிப் பார்ப்பது ஒருக்காலும் கூடாது. லித்தியம் மின்கலம் உப்பியிருந்தால் அதைக் குத்தவோ நெம்பவோ கூடாது. மெதுவாக எடுத்துக் கையாளத் தெரிந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். சுவரில் செருகும் அடாப்டரைத் திறப்பதற்கும் நான் பரிந்து பேசவில்லை. ஆனால் இந்த மூன்றையும் விலக்கிவிட்டால், மிஞ்சுவது ஐந்து வோல்ட்டில் ஓடும் ஒரு சாதாரண மின்பலகை. இணைப்பைப் பிடுங்கி, மின்கலத்தின் முனையைக் கழற்றி, கம்பிகள் இருந்த வரிசையைப் படம் பிடித்துக்கொண்டு, காமிராவுக்கு உபயோகிக்கும் ஊதுபந்தால் தூசை வெளிப்புறமாக ஊதி, ஃபேனின் இதழ்களை மென்தூரிகையால் வருடி, களிம்பேறிய முனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்ந்த பஞ்சால் துடைப்பதில் உயிருக்கு அபாயம் என்ன? அதற்கும் மசியாவிட்டால் சென்சார்க் கூட்டைத் திறக்காமலே முழுசாக மாற்றிவிடலாம். புதிய கூடு தன் திருத்த எண்களோடேயே வருகிறது. திறந்து மூடிய பிறகு சோதிக்கும் வழியும் சுலபம்: தூரத்தில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தினால் எண் ஏறி, ஜன்னலைத் திறந்ததும் இறங்க வேண்டும், பனியில்லாத உலர்ந்த நடுப்பகலில் வெளியே வைத்தால் தாழ்ந்து நிற்க வேண்டும், அண்டை வீட்டுக் கருவியின் பக்கத்தில் ஒரு நாள் வைத்தால் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும். இந்தச் சோதனைக்கு உட்படாத எந்தப் புதிய கருவியையும்விட, உட்பட்டுத் தேறிய பழைய கருவி நம்பத்தக்கது.

செலவைப் பற்றிய நான்காவது வாதம் கணக்கைப் பாதியில் நிறுத்துகிற வாதம். பழுது பெரும்பாலும் தூசு, களிம்பு, ஆடிப்போன சார்ஜ் முனை, வலுவிழந்த மின்கலம் என்ற நான்கில் ஒன்று; சென்சாரையே மாற்ற நேர்ந்தாலும் அது முழுக் கருவியின் விலையில் ஒரு பகுதியே. எறிந்ததன் செலவை யார் கொடுக்கிறார்கள்? 2022-ல் உலகம் கழித்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்றும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதமே என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. மூச்சைக் காப்பதற்காக வாங்கிய பொருள், எறியப்பட்டுத் திறந்தவெளியில் எரிக்கப்படும்போது இன்னொருவர் மூச்சில் நஞ்சாகக் கலக்கிறது. காய்ந்த சருகில் விழும் லித்தியம் மின்கலமோ மலைக்காட்டுக்கே தீ மூட்டக் கூடியது.

தெரிந்த ஆள் இல்லை என்பதும் ஒப்பத்தக்கதன்று. கைபேசிக்குள் இதனினும் நுண்ணிய பாகங்களைப் பூதக்கண்ணாடியின் கீழ் மாற்றித் தரும் வாலிபர்கள் சேலத்தின் கடைத்தெருக்களில் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அனுமதியும் படமும் உதிரிப் பாகமுமே. கொங்குநாட்டுக்கு இது புதிய பாடமும் அன்று. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு இளமையில் ஹோட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து மறுபடி பூட்டித்தான் யந்திர சாஸ்திரத்தைக் கற்றார். அவருக்குப் பாடசாலை அந்தப் பிரித்த யந்திரமே. விறகுப் புகையை அளக்கும் சரித்திரத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கர்க் ஸ்மித்தின் குழுவினர், ஏழை நாடுகளின் அடுக்களைகளில் வைப்பதற்கு மலிவான துகள்மானி ஒன்று தேடியபோது, வீடுகளில் தீயை அறிவிக்கும் சாதாரணப் புகை எச்சரிப்பான் ஒன்றை எடுத்துத் திறந்து மாற்றியமைத்தே அதைச் செய்தார்கள். அவர்களிடம், "பெட்டியைத் திறக்காதீர்கள்" என்று யாராவது சொல்லி, அவர்களும் கேட்டிருந்தால், அந்த அடுக்களைகளின் புகை அளக்கப்படாமலே போயிருக்கும்.

சட்டமும் மெல்ல நம் பக்கம் திரும்புகிறது. கார் உதிரிப் பாகங்களையும் பழுதுநீக்கும் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவொட்டாமல் செய்ததற்காகப் பதினான்கு கார் நிறுவனங்களுக்கு எதிராக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுநீக்கும் உரிமையை வகுப்பதற்காக நிதி கரே தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. காரிலும் கைபேசியிலும் ஒப்புக்கொள்ளப்படும் நியாயம், நம் மூச்சைப் பற்றிச் செய்தி சொல்லும் கருவிக்கு மட்டும் ஏன் மறுக்கப்பட வேண்டும்? மற்றெல்லாப் பொருளையும்விட அளவுகருவிக்கே அது அதிகமாகப் பொருந்தும். மற்றப் பொருள்கள் கெட்டால் வேலை செய்யாது, அவ்வளவே. அளவுகருவி கெட்டால் பொய் சொல்லும். அந்தப் பொய்யை நம்பி ஒரு தாய் ஜன்னலை மூடுவாள், அல்லது மூட வேண்டியதைத் திறந்து வைப்பாள்.

ஆகவே என் தீர்ப்பு இது. சோதனைக்கு உட்படுவதே அளவுகருவியின் லட்சணம். திறந்து சோதிக்க முடியாதது எதுவாயினும் அது அளவுகருவி அன்று, அதன் எண்ணும் பிரமாணம் அன்று. இக்கருவிகளைச் செய்பவர்கள் பசைக்குப் பதிலாகத் திருகாணியை உபயோகிக்கட்டும். உள்ளே உள்ள சென்சாரின் பெயரைப் பெட்டியின் மீதே அச்சிடட்டும். அந்தச் சென்சாரைத் தனியாகவும் விற்கட்டும். மலையில் உள்ள பள்ளிகள், பழுதான ஒரு காற்றுமானியைப் பிள்ளைகளின் முன்னால் திறந்து, ஒளி எப்படித் தூசை எண்ணுகிறது என்று காட்டட்டும். வாசகரே, உங்கள் வீட்டு அலமாரியில் செத்ததென்று ஒதுக்கிய கருவி ஒன்று இருக்குமானால், புதிதுக்குப் பணம் கட்டுமுன் மின்சாரத்தைத் துண்டித்து, திருப்புளியைக் கையில் எடுத்து, அதை ஒரு முறை திறந்து பாருங்கள்.